திருவாதிரையும் சூரியனும்: பெரியது எது, நிலைப்பது எது?

பிப்ரவரி மாதத்தில் பனிமூட்டம் இல்லாத ஓர் இரவு. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வளப்பூர் நாடு போன்ற ஒரு மலைக் கிராமத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். நகரத்தின் விளக்கு வெளிச்சமும் புகையும் கீழேயே நின்றுவிடும். இஷா தொழுகை முடிந்து ஒன்பது மணி அளவில் தலையை நிமிர்த்தினால், ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக ஒரு செந்நிற விண்மீன் தெரியும். அதுதான் திருவாதிரை. உலகம் அதை 'பீட்டல்ஜூஸ்' என்று அழைக்கிறது.

நம் சூரியனும் ஒரு விண்மீன்தான் என்பதைப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள். அப்படியானால், இந்தச் சிவப்புப் புள்ளிக்கும் சூரியனுக்கும் என்ன வித்தியாசம்? எது பெரியது? எது சூடானது? எது நீண்ட காலம் வாழும்? இன்னொரு கேள்வியும் உண்டு. "திருவாதிரை வெடிக்கப் போகிறது, வானில் இரண்டு சூரியன்கள் தெரியும், உலகம் அழியும்" என்ற செய்தி அவ்வப்போது நம் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. அது உண்மையா? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வானத்தில் எங்கே தேடுவது?

ஒரே வரிசையில், ஏறக்குறைய சம இடைவெளியில், மூன்று விண்மீன்கள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஓரியன் எனும் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை அது. அந்தப் பட்டைக்கு வடக்கே சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. பட்டைக்குத் தெற்கே நீலம் கலந்த வெண்மையில் ஒளிர்வது ரைஜல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால், விண்மீன்களுக்கும் நிறம் உண்டு என்பது வெறும் கண்ணுக்கே புரிந்துவிடும்.

டிசம்பரில் இரவு தொடங்கியதும் திருவாதிரை கிழக்கில் எழும். பிப்ரவரியில் ஒன்பது மணிக்கு உச்சியை ஒட்டி நிற்கும். ஏப்ரலில் மஃரிபுக்குப் பிறகு மேற்கு வானத்தில் காணலாம். கொல்லிமலை ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், உச்சிப் புள்ளிக்கு நான்கு டிகிரி தெற்கே இது கடந்து செல்லும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் பெரிய வேறுபாடு இராது.

இதன் பெயரில் நமக்கு நெருக்கமான ஒரு வரலாறு இருக்கிறது. ஓரியனில் தெரியும் உருவத்தை அரபு வானியலாளர்கள் 'அல்ஜவ்ஸா' என்றார்கள். இந்தச் சிவப்பு விண்மீன் 'யத் அல்ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸாவின் கை. இடைக்காலத்தில் அரபு நூல்களை லத்தீனுக்கு மாற்றியவர்கள், முதல் எழுத்தான 'யா'வின் கீழுள்ள இரண்டு புள்ளிகளை ஒரு புள்ளியாக எண்ணி 'பா' என்று படித்துவிட்டார்கள். அந்த ஒரு புள்ளிக் குழப்பத்திலிருந்து பிறந்ததுதான் பீட்டல்ஜூஸ் என்ற பெயர். ரைஜல் என்பதும் 'ரிஜ்ல்' (கால்) என்ற அரபுச் சொல்லே. கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி எழுதிய விண்மீன் நூல், இத்தகைய பெயர்களையும் விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் முறையாகத் தொகுத்தது.

எவ்வளவு பெரிது?

முதலில் சூரியனின் அளவைத் தெரிந்துகொள்வோம். அதன் குறுக்களவு சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம் கி.மீ. பூமியை அடுத்தடுத்து வைத்தால் 109 பூமிகள் அதன் குறுக்கே நிற்கும். சூரியனைக் குடமாக எண்ணினால், அதற்குள் ஏறத்தாழ 13 லட்சம் பூமிகள் அடங்கும்.

திருவாதிரையின் குறுக்களவு சூரியனைப்போல் சுமார் 760 மடங்கு என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அளக்கும் முறைக்கு ஏற்ப இந்த எண் கூடக் குறைய வரும். காரணம், திருவாதிரைக்குத் தெளிவான விளிம்பு கிடையாது. ஓரத்தில் புகைபோல மெலிந்து பரவிக் கிடக்கிறது.

இந்த எண்களை மனத்தில் பிடிக்க, கொல்லிமலையில் விளையும் மிளகையே எடுத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மிளகுதான் சூரியன் என்றால்:

- பூமி ஒரு தூசி. மிளகிலிருந்து 54 செ.மீ. தள்ளி, அதாவது ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் சுற்றிவரும்.
- திருவாதிரை பன்னிரண்டரை அடிக் குறுக்களவுள்ள உருண்டை. சாதாரண வீட்டு அறைக்குள் வைத்தால் கூரையை முட்டும்.
- சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா, சுமார் 145 கி.மீ. தொலைவில் இருக்கும். கொல்லிமலையில் ஒரு மிளகை வைத்துவிட்டு, அடுத்ததைத் தேடி மதுரை வரை போக வேண்டும்.
- திருவாதிரை இருக்கும் இடமோ சுமார் 18,700 கி.மீ. பூமியின் குறுக்களவே 12,742 கி.மீ.தான்.

இன்னொரு வகையிலும் பார்க்கலாம். சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்தால் என்ன ஆகும்? புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கு கோள்களின் பாதைகளும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். செவ்வாயைத் தாண்டியுள்ள சிறுகோள் பகுதி வரை அதன் உடல் நீளும். வியாழனை மட்டும் எட்டாது. ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும். அந்த வேகத்தில் சூரியனைக் குறுக்கே கடக்க ஐந்து நொடிகூட ஆகாது. திருவாதிரையைக் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

இவ்வளவு பெரிதாக இருந்தும் நமக்கு அது புள்ளியாகவே தெரிகிறது. 1920 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் மைக்கேல்சன், பீஸ் என்ற இருவரின் முயற்சியில் அதன் தோற்ற அளவு முதன்முதலாக அளக்கப்பட்டது. நூறு கி.மீ. தொலைவில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான் அது. சூரியனைத் தவிர வேறொரு விண்மீனின் அளவு நேரடியாக அளக்கப்பட்டது அதுவே முதல் முறை.

பெரிய உடம்பு, மெலிந்த உடம்பு

760 மடங்கு குறுக்களவு என்றால், கொள்ளளவில் சுமார் 44 கோடி மடங்கு. அதாவது 44 கோடிச் சூரியன்களைக் கொட்டலாம். அப்படியென்றால் எடையும் கோடிக்கணக்கான மடங்கு இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. திருவாதிரையின் நிறை சூரியனைப்போல் 16 முதல் 19 மடங்கு மட்டுமே.

பதினேழு சூரியன்களுக்கு உரிய பொருளை 44 கோடிச் சூரியன்களின் இடத்தில் பரப்பினால் எப்படி இருக்கும்? சராசரியாகப் பார்த்தால், நாம் சுவாசிக்கும் காற்றைவிட 20 ஆயிரம் மடங்குக்கும் மேல் மெலிதாக இருக்கும். பொருளில் பெரும்பகுதி நடுவிலுள்ள கருவை நோக்கி நெருங்கிக் கிடக்கிறது. வெளிப்பகுதி ஏறக்குறைய வெற்றிடம்தான். சூரியன் அப்படியல்ல. அதன் சராசரி அடர்த்தி தண்ணீரைவிட 1.4 மடங்கு அதிகம்.

திருவாதிரையின் வெளிப்பகுதி அத்தனை தளர்வாக இருப்பதால், அதைத் தன்னிடம் இறுக்கிப் பிடித்துவைக்க அந்த விண்மீனால் முடிவதில்லை. வாயுவும் தூசியும் தொடர்ந்து வெளியே கசிந்துகொண்டே இருக்கின்றன.

ஏன் சிவப்பு? ஏன் இவ்வளவு ஒளி?

கொல்லன் பட்டறையில் இரும்பு காய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் சிவக்கும். சூடு ஏற ஏற மஞ்சளாகும். பிறகு வெண்மையாகும். விண்மீனுக்கும் இதே விதி. சிவப்பு என்றால் சூடு குறைவு. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,300 டிகிரிதான். ரைஜல் நீலமாக இருப்பதற்கு அது சூரியனைவிடவும் சூடானது என்பதே காரணம்.

சூடு குறைந்த பரப்பு குறைவாகவே ஒளி தரும். திருவாதிரையின் ஒரு சதுர மீட்டரிலிருந்து வரும் ஆற்றல், சூரியனின் அதே பரப்பிலிருந்து வருவதில் ஏழில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் மொத்தப் பரப்பு சூரியனைப்போல் 5 லட்சத்து 78 ஆயிரம் மடங்கு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், திருவாதிரை மொத்தத்தில் சூரியனைவிட ஏறத்தாழ 90 ஆயிரம் மடங்கு ஆற்றலை வெளியிடுகிறது. சுமார் 550 ஒளியாண்டுத் தொலைவிலிருந்தும் நம் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிவதன் காரணம் இதுவே.

550 ஒளியாண்டு என்றால், இன்றிரவு நாம் பார்க்கும் ஒளி சுமார் 550 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பியது. அப்போது வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்திருக்கவில்லை. சூரியனின் ஒளியோ எட்டேகால் நிமிடத்தில் நம்மை வந்தடைகிறது.

இத்தகைய விண்மீன்களை ஆங்கிலத்தில் 'ரெட் சூப்பர்ஜெயன்ட்' என்பார்கள். தமிழில் 'சிவப்பு மீப்பெருவிண்மீன்' எனலாம். நம் கண்ணுக்கு எட்டும் இன்னொன்று கேட்டை. அரபியில் அதற்கு 'கல்புல் அக்ரப்', அதாவது தேளின் இதயம் என்று பெயர். ஜூலை மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு வானில் அதைக் காணலாம். அதுவும் சூரியனைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு குறுக்களவு கொண்டது.

யாருக்கு ஆயுள் அதிகம்?

இதுவரை பார்த்ததில் திருவாதிரையின் பக்கமே கை ஓங்கியிருந்தது. ஆயுள் கணக்கில் நிலைமை தலைகீழாகிறது.

இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மற்றதைப்போல் 17 மடங்கு சொத்து. ஆனால் அதன் செலவு 90 ஆயிரம் மடங்கு. எந்தக் குடும்பம் முதலில் நொடித்துப்போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திருவாதிரையின் கதை அதுதான். நிறை கூடக்கூட நடுப்பகுதியில் அழுத்தமும் சூடும் கூடுகின்றன. எரிபொருள் மிக வேகமாகத் தீர்கிறது. திருவாதிரை பிறந்து ஒரு கோடி ஆண்டுகள்கூட ஆகியிராது என்று கணக்கிடுகிறார்கள். அதற்குள் தன் வாழ்வின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது.

சூரியன் நிதானக்காரர். வயது 460 கோடி ஆண்டுகள். ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிக்கொண்டிருந்தாலும், இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குக் கையிருப்பு உண்டு. பூமியில் உயிர்கள் தோன்றிப் பெருகிப் பலவகையாக வளர்வதற்கு நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த நீண்ட அவகாசத்தைத் தந்தது சூரியனின் மிதமான எரிப்பே. திருவாதிரை போன்ற ஒன்று நமக்குச் சூரியனாக வாய்த்திருந்தால், பூமி ஆறி இறுகிக் கடல்கள் அமைதியடைவதற்குள் அதன் காலம் முடிந்திருக்கும்.

முடிவும் இருவருக்கும் வேறு. சூரியன் முதுமையில் ஊதிப் பெருத்துச் சிவப்பாகும். புதனையும் வெள்ளியையும் விழுங்கும். ஆனாலும் அது திருவாதிரை அளவுக்கு ஒருபோதும் வளராது. பிறகு வெளிப்போர்வையை உதறிவிட்டு, பூமியின் அளவே உள்ள 'வெண்குள்ளன்' என்ற சிறு விண்மீனாகி மெல்ல ஆறிப்போகும்.

திருவாதிரையின் கருவிலோ ஹீலியத்துக்குப் பிறகு கார்பன், ஆக்சிஜன், சிலிக்கன் என்று அடுத்தடுத்து எரிந்து, கடைசியில் இரும்பு சேரும். இரும்பை எரித்து ஆற்றல் பெற முடியாது. அந்தக் கருவின் நிறை ஓர் எல்லையைத் தொட்டதும் அது தன் எடையைத் தாங்க முடியாமல் நொறுங்கும். வெளிப்பகுதி வெடித்துச் சிதறும். இதுவே சூப்பர்நோவா. சுமார் 1.4 சூரிய நிறை என்ற அந்த எல்லையைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் தொடங்கிய கணக்கு அது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெடித்தால் நமக்கு ஆபத்தா?

2011இல் "இரண்டு சூரியன்கள் தெரியும்" என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. 2019 அக்டோபரில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரிக்குள் அதன் ஒளி வழக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. உடனே "வெடிக்கப் போகிறது" என்று பேச்சு கிளம்பியது. உண்மையில் நடந்தது வேறு. விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து பெரும் வாயுத்திரளை உமிழ்ந்தது. அது குளிர்ந்து தூசியாகி, நமக்கும் விண்மீனுக்கும் நடுவே திரைபோல நின்றது. சில மாதங்களில் திருவாதிரை பழைய ஒளிக்குத் திரும்பியது.

ஹவாயிலுள்ள ஜெமினி தொலைநோக்கி, திருவாதிரையை ஒட்டி ஒரு துணை விண்மீன் இருப்பதற்கான அடையாளத்தைப் படம்பிடித்ததாக 2025இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு 'சிவார்ஹா' என்று அரபுப் பெயரே சூட்டப்பட்டது. 'அவளுடைய காப்பு' என்று பொருள். ஜவ்ஸாவின் கைக்குப் பொருத்தமான அணிகலன்தான்.

வெடிப்பு எப்போது? 2020ஆம் ஆண்டு ஆய்வின்படி, திருவாதிரை இன்னும் ஹீலியத்தை எரிக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது. அது வெடிக்க ஒரு லட்சம் ஆண்டு அளவில் ஆகலாம். அப்படி வெடித்தாலும் அது இன்னொரு சூரியனாக இராது. பாதி நிலவின் அளவுக்கு, ஒரே புள்ளியாக, பகலிலும் தெரியும்படி ஒளிரும். பிறகு மாதக்கணக்கில் மெல்ல மங்கும். ஒரு சூப்பர்நோவா பூமிக்குக் கேடு செய்ய வேண்டுமானால் சில பத்து ஒளியாண்டுகளுக்குள் இருக்க வேண்டும். 550 ஒளியாண்டு பாதுகாப்பான தொலைவு.

மனிதர்கள் இத்தகைய காட்சியைப் பார்க்காமலும் இல்லை. 1006இல் தோன்றிய புதிய விண்மீனை எகிப்தில் அலீ இப்னு ரிழ்வான் என்ற மருத்துவர் இளைஞராக இருந்தபோது கண்டு, பின்னர் எழுதி வைத்தார். அது வெண்குள்ளன் வெடித்த வேறு வகை. 1054இல் பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபோது, 23 நாள் பகலிலும் தெரிந்ததாகச் சீனர்கள் குறித்தார்கள். இரண்டு முறையும் பூமிக்கு எதுவும் ஆகவில்லை.

ஆகவே, அடுத்த முறை அந்தச் செய்தி நம் கைபேசிக்கு வந்தால், பிள்ளைகளைப் பயமுறுத்தும் அதை மேலும் பத்துப் பேருக்கு அனுப்புவதற்கு முன் இந்தக் கணக்குகளை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். உறுதி செய்யாமல் பரப்பும் செய்தி எதுவானாலும் அதில் நம் பங்கும் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து பார்த்தவர்கள்

சூரியனையும் தொலைதூர விண்மீன்களையும் ஆராயும் மலைகள் நம் மாநிலத்திலேயே உள்ளன. கொடைக்கானல் வானாய்வகம் 1899இல் நிறுவப்பட்டு, நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909இல் அங்குதான் கண்டறிந்தார்.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் இரவு வானத்துக்கானது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டு, வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் பிறந்த பாப்புவின் தந்தை, ஹைதராபாத்தில் நவாப் ஜாஃபர் ஜங் 1901இல் நிறுவிய நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். நம் தலைப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விதியைப் பாப்பு, வில்சன் என்ற அமெரிக்கருடன் சேர்ந்து 1957இல் வெளியிட்டார். சூரியனைப் போன்ற விண்மீன்களிலும் அவற்றைவிடக் குளிர்ந்த விண்மீன்களிலும் கால்சியம் விடும் ஒளிக்கோடு எவ்வளவு அகலமோ, அந்த விண்மீன் உண்மையில் அவ்வளவு ஒளிமிக்கது என்பதே அந்த விதி. அருகிலுள்ள சிறு விண்மீனா, தொலைவிலுள்ள பேருருவா என்று பிரித்தறிய அது உதவியது.

இன்று சூரியனை விண்வெளியிலிருந்தே கவனிக்கிறது ஆதித்யா எல்-1. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட அந்தத் திட்டத்தின் இயக்குநர், தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் இது.

ஒரே பார்வையில்

- குறுக்களவு: சூரியன் 13.92 லட்சம் கி.மீ.; திருவாதிரை அதைப்போல் சுமார் 760 மடங்கு.
- நிறை: சூரியனை 1 என்று கொண்டால் திருவாதிரை 16 முதல் 19.
- மேற்பரப்பு வெப்பம்: சூரியன் 5,500 டிகிரி; திருவாதிரை 3,300 டிகிரி செல்சியஸ்.
- ஒளி ஆற்றல்: திருவாதிரை ஏறத்தாழ 90 ஆயிரம் மடங்கு.
- இதுவரையான வயது: சூரியன் 460 கோடி ஆண்டு, திருவாதிரை ஒரு கோடிக்கும் குறைவு.
- முடிவு: சூரியன் வெண்குள்ளன், திருவாதிரை சூப்பர்நோவா.

பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்வோம். திருவாதிரையை வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். சூரியனை வெறும் கண்ணாலோ தொலைநோக்கியாலோ நேராகப் பார்க்கக் கூடாது.

இந்த ஒப்பீட்டில் சூரியன் சிறியதுதான், ஒளியிலும் குறைந்ததுதான். ஆனால் மீப்பெருவிண்மீன்கள் வீணாகப் பிறப்பதில்லை. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி, சூரியன் பிறப்பதற்கும் முன்பே அத்தகைய விண்மீன்களுக்குள் உருவாகி, அவை வெடித்தபோது விண்வெளியில் தூவப்பட்டதுதான். அவை விரைவாக எரிந்து பொருளைத் தந்தன. சூரியன் மெதுவாக எரிந்து காலத்தைத் தருகிறது. நம் வாழ்வுக்கு இரண்டும் தேவைப்பட்டன.